அறிஞர்–அரசர் கடிதங்களை வாசகர் வட்டத்தில் படிக்கும் முறை

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கூடும் தமிழ் வாசகர் வட்டங்கள் பெரும்பாலும் நாவலையும் சிறுகதையையும் எடுத்துப் பேசுகின்றன. கவிதைக்கு எப்போதாவது ஒரு மாலை கிடைக்கிறது. கடிதத் தொகுப்பு ஒன்றைக் கூடிப் படிப்பது அரிது. அதிலும், ஓர் அறிஞரும் சீர்திருத்தத்தில் நாட்டம் கொண்ட ஒரு முடியரசரும் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்ட கடிதங்கள் என்றால், அவை வரலாற்று மாணவர்களுக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஜார்ஜ்டவுனில் எங்கள் வட்டம் அப்படியொரு தொகுப்பை எடுத்துக்கொண்டபோது கைக்கொண்ட முறை மற்ற வட்டங்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

தொகுப்பைத் தேர்ந்துகொள்ளுதல்

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரியணையும் எழுதுகோலும் நெருங்கிப் பழகிய கதைகள் பல உண்டு. தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ், ரஷ்யாவின் மாமன்னர் பீட்டரை 1711, 1712, 1716 ஆகிய ஆண்டுகளில் நேரில் கண்டு, அறிவியல் கழகம் அமைப்பது முதலிய யோசனைகளை எழுதிக் கொடுத்தார். பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடரிக், பட்டத்து இளவரசராக இருந்த 1736ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்குத் தம் முதல் கடிதத்தை எழுதினார்; 1778இல் வால்டேர் இறக்கும்வரை, இடையில் முறிந்தும் மீண்டும் ஒட்டியும் அந்தத் தொடர்பு நீடித்தது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினோ, 1763 முதல் அதே வால்டேருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்ததோடு, கலைக்களஞ்சியம் தொகுத்த திதரோவின் நூலகத்தையும் விலை கொடுத்து வாங்கி, அதை அவரிடமே விட்டுவைத்து, அதற்கு நூலகராக அவருக்குச் சம்பளமும் கொடுத்தார்.

இவற்றுள் வால்டேர்–கேத்தரின் கடிதங்களைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். பிரெடரிக்குடன் நடந்த போக்குவரத்தில் 600க்கும் மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் இளவரசரின் கவிதைகளும் அவற்றுக்கான திருத்தங்களும் மண்டிக் கிடப்பதால், பாதி வழியிலேயே வட்டம் சோர்ந்துவிடும். கேத்தரினுடையவை ஏறத்தாழ 200; பதினைந்து ஆண்டுகளில் அடங்கிவிடுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. இந்த இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. தமிழ் வாசகருக்கு இதைக் கேட்ட உடனேயே யார் நினைவுக்கு வருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் அமர்வைப் பிசிராந்தையாரிடமிருந்தே தொடங்கலாம். எஸ்பிஎம் இலக்கியம் எடுத்த பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வரை எல்லாருக்கும் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதை தெரியும். கேட்டறிந்ததைத் தவிரக் கண்டறியாத நண்பனுக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்ன அரசனையும், அந்த இடத்திற்கு வந்து சேர்ந்த புலவனையும் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. ஆனால் நம் வட்டத்திற்கு வேண்டியது அந்த உருக்கமான முடிவு அன்று, 184ஆம் பாட்டு. யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலமே பல நாளுக்கு வரும், யானையே வயலில் புகுந்து மேய்ந்தால் நூறு வயல் இருந்தாலும் தின்பதைவிட மிதிபடுவதே மிகும் என்று வரி வாங்கும் நெறியை எடுத்துரைக்கும் அந்தப் பாட்டைப் பிசிராந்தையார் தம் உயிர் நண்பனாகிய சோழனுக்குப் பாடவில்லை. தாம் வாழ்ந்த நாட்டை ஆண்ட பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடினார். தொலைவில் இருந்த சோழனுக்கு அவர் அனுப்பியது அன்னச் சேவலின் வழியாக அன்பும் பெருமிதமும். அருகில் இருந்த அரசனுக்கு அறிவுரை, எட்ட இருந்த அரசனுக்கு அன்பு என்ற இந்தப் பகிர்வு தற்செயலா, அல்லது தொலைவுக்கே அப்படியொரு குணம் உண்டா? தொடர் முழுவதையும் இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கலாம் என்பதே என் கருத்து. வால்டேர் பாட்ஸ்டாமில் பிரெடரிக்கின் கூரையின் கீழ் வாழ்ந்தபோது சண்டை மூண்டது. பார்த்தே அறியாத கேத்தரினோடு ஒரு நாளும் மூளவில்லை.

கால அட்டவணை

கடிதங்களைக் கையில் எடுக்கும் முன் ஒரு மணிலா அட்டையில் மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் கடிதத்தின் தேதி, இரண்டாவதில் அந்த மாதத்தில் ரஷ்யாவில் நடந்தது, மூன்றாவதில் வால்டேர் அப்போது ஈடுபட்டிருந்த வேலை. இந்த அட்டை சுவரில் தொங்காத அமர்வில் பேச்சு விரைவிலேயே இவர் நல்லவரா அவர் நல்லவரா என்ற பட்டிமன்றமாகிவிடும்.

தேதி குறிக்கும்போது ஒரு சிக்கல் எழும். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. மேற்கு ஐரோப்பா பெரும்பாலும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு. பேரரசியின் கடிதங்கள் பலவற்றில் இரண்டு தேதிகளும் கோடிட்டு எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும். அட்டையில் புதிய கணக்கை மட்டும் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால், ஒரு கடிதத்துக்கு அது எழுதப்படுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டதாகத் தோன்றும் குழப்பம் நேராது. ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து, வால்டேர் வாழ்ந்த, ஜெனிவாவை ஒட்டிய பெர்னே கிராமத்துக்குக் கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதையும், வழியில் அஞ்சலைப் பிரித்துப் படித்துவிட்டு மீண்டும் ஒட்டி அனுப்பும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது என்பதையும் அட்டையின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். எழுதிய இருவருக்கும் இது நன்றாகத் தெரியும். ஆகவே எந்தக் கடிதத்தையும் இருவருக்கு இடையிலான தனிப்பேச்சாக மட்டும் படிக்க முடியாது. மூன்றாமவர் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதை அறிந்தே எழுதப்பட்ட கடிதங்கள் அவை.

அட்டையில் நம் ஊருக்கும் ஒரு வரி தரலாம். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11இல். அதற்கு ஆறு நாள் கழித்து, ஆகஸ்டு 17இல், பிரெடரிக் காலமானார். கேத்தரின் அப்போதும் ஆண்டுகொண்டிருந்தார். எங்கோ பனி பெய்யும் நாட்டுப் பழங்கதை என்று நினைத்திருந்த இளைஞர்கள் இந்த வரியைப் பார்த்தபின் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு கடிதத்தை ஊன்றிப் படித்தல்

தொடக்கத்திற்கு மிகவும் பொருத்தமானது 1768 டிசம்பரில் கேத்தரின் எழுதிய அம்மை குத்திக்கொண்ட கடிதம். அதை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றக் கடிதங்களுக்கும் இதே முறைதான்.

முதலில் பின்னணி. பெரியம்மை அரண்மனைக்கும் குடிசைக்கும் வேறுபாடு பார்க்காத காலம். பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னரே 1774 மே மாதம் பெரியம்மையில்தான் மாண்டார். ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பூசி வருவது 1796இல். அதற்கு முந்திய முறையில், இலேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைக் கீறலில் தடவி, உடலில் மென்மையான அம்மையை வரவழைப்பார்கள். அதில் உயிராபத்து இல்லாமல் இல்லை. இங்கிலாந்திலிருந்து மருத்துவர் தாமஸ் டிம்ஸ்டேலை வரவழைத்த கேத்தரின், 1768 அக்டோபரில் தமக்கே முதலில் குத்தச் சொன்னார். பிறகு தம் மகன் பாவெலுக்கும் குத்தச் செய்தார். பேரரசிக்கு ஏதேனும் ஆகிவிட்டால் மருத்துவர் தப்பிச் செல்லக் குதிரைகள் ஆயத்தமாக நிறுத்தப்பட்டிருந்தன என்றும் சொல்வார்கள். டிம்ஸ்டேலுக்கு 10,000 பவுண்டும், ஆண்டுக்கு 500 பவுண்டு ஓய்வூதியமும், பிரபுப் பட்டமும் கிடைத்தன. சீழ் கொடுத்த சிறுவனின் குடும்பமும் உயர்குடியாக்கப்பட்டது.

இப்போது கடிதத்தைப் படியுங்கள். அவர் அச்சத்தைப் பற்றி எழுதவில்லை. ஒரு நிமிடமும் படுக்கையில் கிடக்கவில்லை, நாள்தோறும் ஆட்களைச் சந்தித்தேன் என்கிறார். பிரபு ஓர்லோவ் அம்மை குத்திக்கொண்டு மறுநாளே பனியில் வேட்டைக்குப் போனதைச் சொல்கிறார். வியன்னாவில் பல மாதங்களில் குத்திக்கொண்டவர்களைவிட இங்கே ஒரு மாதத்தில் குத்திக்கொண்டவர்கள் அதிகம் என்று ஒரு வெட்டும் வெட்டுகிறார். வட்டத்தில் யாரையாவது இதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பெண்மணி தம் உடலில் செய்துகொண்ட துணிச்சலான காரியத்தை ஏறத்தாழ வேடிக்கைபோல் எழுதுவதும், அந்த வேடிக்கைக்குள் ஆஸ்திரியாவோடு போட்டி ஒளிந்திருப்பதும் காதில் விழும்.

அடுத்து, இதை ஏன் வால்டேருக்கு எழுதினார் என்று கேளுங்கள். வால்டேர் 1723இல் தாமே பெரியம்மை கண்டு பிழைத்தவர். இங்கிலாந்தைப் பற்றி 1730களில் எழுதிய கடித வடிவ நூலில், அம்மை குத்துவதை ஆதரித்துத் தனியாக ஒரு பகுதியே எழுதி, பிரெஞ்சுக்காரர்கள் அதை ஏற்கத் தயங்குவதைக் கிண்டல் செய்தவர். ஆகவே இந்தக் கடிதம் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது: ஆசிரியருக்கு மாணவி அனுப்பும் செய்தி, நண்பருக்கு அனுப்பும் நலம், ஐரோப்பாவுக்கு அனுப்பும் விளம்பரம். வால்டேர் பெற்ற கடிதங்களைத் தம் நண்பர்களுக்குக் காட்டுவார் என்பது பேரரசிக்குத் தெரியும். அவருக்குத் தனியாகச் செய்தித்தாள் தேவைப்படவில்லை. பெர்னேயில் ஒரு முதியவர் இருந்தார்.

எங்கள் அமர்வு நடந்த மாடி அறை குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அருகில் இருந்தது. அம்மை இறங்குவதும் வேப்பிலை கட்டுவதும் மூத்தவர்களின் பேச்சில் இயல்பாகவே வந்துவிட்டன. அத்தகைய பேச்சை நெறியாளர் தடுக்க வேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் கடிதத்துக்குத் திரும்பினால் போதும்.

எழுதாமல் விட்டதைத் தேடுதல்

இரண்டாம் கட்டம் கடினமானது. 1767ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கேத்தரின் தம் கைப்பட எழுதிய சட்ட அறிவுரையை வெளியிட்டார். சட்டச் சிந்தனையாளர்களான மான்டெஸ்கியூவிடமிருந்தும் பெக்காரியாவிடமிருந்தும் தாராளமாக எடுத்தாண்டு, சித்திரவதை கூடாது, தண்டனை குற்றத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசிய அந்த ஆவணம் பிரான்சில் தடை செய்யப்பட்டது. வால்டேருக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. புதிய சட்டத் தொகுப்பை ஆராய 500க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் மாஸ்கோவில் கூடினார்கள். அவர்களுள் பிரபுக்களின் பண்ணையடிமைகளுக்குப் பேச ஒருவரும் இல்லை. அதே ஆகஸ்டில், பண்ணையடிமைகள் தங்கள் உடைமையாளர் மீது பேரரசியிடம் நேரடியாக மனுக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கசையடியும் சைபீரியாவில் கடின உழைப்பும் என்ற ஆணையும் வெளியானது.

இந்த இரண்டையும் அட்டையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, கடிதங்களில் இரண்டாவது எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். முதலாவது பெருமையோடு பேசப்படுவதையும், இரண்டாவதைப் பற்றிய மௌனத்தையும் வாசகர்களே கண்டுகொள்வார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது; கிராணியைத் தாண்டித் துரையிடமோ, துரையைத் தாண்டி மேலிடத்துக்கோ போய்ச் சொல்லத் துணிந்தவரின் கதி என்ன என்பதை அவர்கள் தங்கள் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டிருப்பார்கள்.

ஆனால் இங்கே அவசரப்பட்டு வால்டேரைத் தூக்கிலிடக் கூடாது. பண்ணையடிமைகளைப் பற்றி அவர் ஒன்றுமே எண்ணாதவர் அல்லர். உழவர் நிலத்துக்கு உரிமை பெறுவது நாட்டுக்கு நன்மையா என்ற கேள்விக்குச் சிறந்த கட்டுரை கேட்டுப் பீட்டர்ஸ்பர்க்கின் பொருளாதாரக் கழகம் 1766இல் போட்டி அறிவித்தபோது, பெயர் சொல்லாமல் கட்டுரை அனுப்பியவர்களுள் அவரும் ஒருவர். பொது விவாதத்தில் பெயர் மறைத்துப் பேசியவர், தம் பெயரோடு எழுதிய கடிதத்தில் அதை அழுத்தவில்லை. கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எழுபதை எட்டிய ஒருவர் தமக்குக் கிடைத்த ஒரே பேரரசக் காதை இழக்க விரும்பவில்லை என்று நான் சொல்வேன். கலாஸ், சிர்வேன் ஆகிய குடும்பங்கள் மத வெறியால் நீதிமன்றங்களில் பட்ட அநீதிக்கு எதிராக வால்டேர் போராடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியவர் கேத்தரின். அந்தக் காது அவருக்கு வெறும் பெருமைக்கு வேண்டியதாக இருக்கவில்லை.

மௌனத்தைச் சோதிக்க இன்னொரு வழி, அதே மனிதர் அதே ஆண்டில் வேறொருவருக்கு எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் வைப்பது. 1762இல் கேத்தரின் தம் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்துவிட்டு ஆட்சிக்கு வந்தார். சில நாட்களில் பீட்டர் காவலில் கொல்லப்பட்டார். பேரரசிக்கு எழுதிய கடிதங்களில் வால்டேர் இதை எடுப்பதில்லை. ஆனால் 1767இல் தம் பழைய தோழி துய் தெஃபான் சீமாட்டிக்கு எழுதும்போது, கணவர் விஷயத்தில் அந்த அம்மையார் மீது ஏதோ சில்லறைக் குறை சொல்கிறார்கள், அது குடும்ப விவகாரம், நான் அதில் தலையிடுவதில்லை என்ற பொருளில் எழுதினார். இந்தக் கடிதத்தைப் படித்தபோது எங்கள் வட்டத்தில் சிரிப்பும் வந்தது, சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் நடந்தது. அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் நட்பைத் தொடர்ந்தார். அடுத்த அமர்வுகள் எல்லாவற்றையும் இந்த அறிவோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.

போர்க் கடிதங்கள்

1768 முதல் 1774 வரை நடந்த துருக்கியப் போரைப் பற்றிய கடிதங்களை மொத்தமாக ஒரே அமர்வில் முடித்துவிடலாம்; அவை ஒரே சுருதியில் ஒலிப்பவை. மத வெறியையும் போரையும் வாழ்நாள் முழுவதும் எள்ளி நகையாடிய முதியவர், கான்ஸ்டான்டிநோபிளைப் பிடியுங்கள் என்று பேரரசியை உசுப்பிவிடுவதும், பழங்காலத்துப் போர்த்தேர்களைப் புதுப்பித்துப் பயன்படுத்தலாம் என்று மீண்டும் மீண்டும் யோசனை சொல்வதும் படிக்கச் சங்கடமானவை. 1772இல் போலந்து பங்கு போடப்பட்டதையும் அவர் வரவேற்றார். என் வாசிப்பில், கடிதப் போக்குவரத்து முழுவதிலும் இறங்குமுகமான இடம் இதுதான். இங்கே பேரரசியே அவரைவிட நிதானமாக எழுதுகிறார். போரை நடத்துபவருக்கு அதன் செலவு தெரியும்.

கடிதத்தோடு வந்த பொருள்கள்

கடித உறையோடு என்ன போனது, என்ன வந்தது என்பதையும் அட்டையில் குறியுங்கள். 1769இல் பெர்னேக்கு வந்து சேர்ந்த பரிசுகளுள் பேரரசி தம் கையால் கடைந்த ஒரு சிறு பெட்டியும், அவருடைய உருவப்படமும், குளிருக்கு உரோம மேலங்கியும் இருந்தன. வால்டேர் பெர்னேயில் கைவினைஞர்களைக் குடியேற்றிக் கடிகாரத் தொழில் தொடங்கியபோது, கேத்தரின் அங்கே கடிகாரங்கள் வாங்கினார். கேட்டதைவிடத் தாராளமாகவே சரக்கு போய்ச் சேர்ந்தது. திதரோவின் நூலகத்தை 1765இல் 15,000 லிவருக்கு வாங்கிய பேரரசி, நூலகர் சம்பளம் ஒருமுறை தாமதமானதும், ஐம்பது ஆண்டுச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டார்.

பணம் புகுந்ததால் நட்பு பொய் என்று முடிவுகட்ட இளைஞர்கள் விரைவார்கள். புலவர்க்கு யானையும் பொன்னும் பரிசில் கொடுத்த மரபில் வந்தவர்களுக்கு அந்த அவசரம் கூடாது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, பேச்சை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அருகில் போனவர்கள்

இப்போது முதல் அமர்வின் கேள்விக்குத் திரும்ப வேண்டும். எட்ட இருந்த நட்பை, அருகில் போன இரண்டு நட்புகளோடு ஒப்பிடுவதற்கு ஓர் அமர்வு முழுவதையும் ஒதுக்குங்கள்.

முதலாவது பிரெடரிக். இளவரசராக இருந்தபோது மாக்கியவெல்லியை மறுத்து ஒரு நூல் எழுதினார். அதைத் திருத்தி 1740இல் வெளியிட உதவியவர் வால்டேர். அதே ஆண்டு மே மாதம் அரியணை ஏறிய பிரெடரிக், சில நாட்களிலேயே நீதி விசாரணையில் சித்திரவதையைப் பெரும்பாலும் ஒழித்தார். டிசம்பரில் சைலீசியாவின் மீது படையெடுத்தார். இத்தனையும் ஒரே ஆண்டு. அட்டையில் எழுதினால் ஒரு கையளவு இடம்தான் பிடிக்கும். 1750இல் வால்டேர் பாட்ஸ்டாமுக்குக் குடிபோனார். அரசவைப் பதவி, விருது, ஓய்வூதியம் எல்லாம் கிடைத்தன. இரண்டே ஆண்டுகளில், பிரெடரிக்கின் அறிவியல் கழகத் தலைவரைக் கேலி செய்து வால்டேர் எழுதிய சிறு நூல் 1752 டிசம்பரில் பெர்லினில் பொது இடத்தில் எரிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் கிளம்பியபோது, அரசரின் கவிதைத் தொகுப்பைக் கொண்டுபோகிறார் என்று பிராங்பர்ட்டில் வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார்.

இந்தக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சாறு பிழிந்தபின் ஆரஞ்சுத் தோலை எறிந்துவிடுவதாக அரசர் தம்மைப் பற்றிச் சொன்னார் என்ற புகழ்பெற்ற செய்தி, வால்டேர் பெர்லினிலிருந்து தம் உறவுப் பெண் துனீ சீமாட்டிக்கு எழுதியதாக உள்ள கடிதங்களில் வருகிறது. அந்தக் கடிதங்களில் பலவற்றை, பிரெடரிக்கோடு முறிந்தபின் வால்டேர் திரும்ப எழுதி அமைத்தார் என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடிதம் என்பதாலேயே அது அன்றே, அந்த மனநிலையிலேயே எழுதப்பட்டது என்று நம்பிவிடக் கூடாது. நெறியாளர் இதை அமர்வின் தொடக்கத்தில் சொல்லாமல், எல்லாரும் ஆரஞ்சுத் தோலைப் பற்றிச் சூடாகப் பேசி முடித்தபின் சொன்னால், பாடம் நன்றாகப் பதியும். கொஞ்சம் குறும்புதான்.

இரண்டாவது திதரோ. அவர் 1773 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்து, மறு ஆண்டு மார்ச்சு வரை தங்கி, பேரரசியோடு அடிக்கடி நேரில் அமர்ந்து விவாதித்தார். ஊர் திரும்பும் வழியில், 1767ஆம் ஆண்டுச் சட்ட அறிவுரையை வரிவரியாக விமரிசித்துக் குறிப்புகள் எழுதினார்; நாட்டின் உண்மையான அதிகாரம் மக்களிடம்தான் இருக்கிறது என்ற இடத்திலிருந்து தொடங்கும் கடுமையான விமரிசனம் அது. அதை அவர் அனுப்பவில்லை. 1784இல் அவர் இறந்தபின் நூலகத்தோடு சேர்ந்து பீட்டர்ஸ்பர்க் போன கட்டுகளில் அதைப் படித்த கேத்தரின் எரிச்சல் அடைந்து, வெறும் பிதற்றல் என்று தம் நண்பர் கிரிமுக்கு எழுதினார். பாண்டியனுக்கு யானைப் பாட்டைப் பாடியவரோடு திதரோவை ஒப்பிடச் சொல்லுங்கள். பாடியவர் அதை அரசன் காதில் போட்டார், திதரோ பெட்டியில் போட்டார். ஆயினும் எழுதினார். வால்டேர் அதையும் எழுதவில்லை. இந்த மூவரில் யார் நல்ல நண்பர் என்ற விவாதம் எங்கள் வட்டத்தில் முடியவில்லை, முடிய வேண்டிய தேவையும் இல்லை.

நடைமுறைக் குறிப்புகள்

ஓர் அமர்வுக்கு மூன்று கடிதங்களுக்கு மேல் வேண்டாம். இரண்டு குரல்கள் படிக்கட்டும். வால்டேரின் பகுதியை மூத்த ஆண் ஒருவரும், கேத்தரினுடையதை அவரைவிட இளைய பெண் ஒருவரும் படித்தால் நல்லது. போக்குவரத்து தொடங்கியபோது அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது, இவருக்கு 34. ஒரே வயதுக் குரல்களில் வெறும் முகத்துதியாக ஒலிக்கும் வரிகள், வயது வேறுபாடு தெரியும்போது குழைவும் குறும்புமாக மாறுவதைக் கேட்கலாம்.

மூலம் பிரெஞ்சு. 1877 முதல் 1885 வரை பாரிசில் வெளியான வால்டேர் முழுத் தொகுப்பு பதிப்புரிமை கடந்தது என்பதால் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரெடரிக்கின் தொகுப்பு நூல்களை ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெரும்பாலோர் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் படிப்பார்கள். நெறியாளர் ஒவ்வொரு கடிதத்துக்கும் அரைப்பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, மூன்று நாள் முன்பே புலனக் குழுவில் போட்டுவிட வேண்டும். கைப்பேசிச் செயலியின் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்து மரியாதை வரிகளை அது ஒன்று கல்லாக்கிவிடும், அல்லது காதல் கடிதமாக்கிவிடும். கோலாலம்பூர் வட்டங்களுக்குத் தேசிய நூலகமும் மலாயாப் பல்கலைக்கழக நூலகமும் அருகில் இருப்பது வசதி. ரஷ்ய வரலாறு பற்றிய ஆங்கில நூல் ஒன்றை நெறியாளர் மட்டுமாவது முழுமையாகப் படித்து வைத்திருந்தால் அட்டை தயாரிக்கும் வேலை எளிதாகும்.

கடைசி அமர்வுக்குக் கடிதம் வேண்டாம். 1778க்குப் பிறகு நடந்ததைப் பேசுங்கள். வால்டேர் மே 30இல் பாரிசில் இறந்தார். பிரெடரிக் தாமே அவருக்கு இரங்கலுரை எழுதி, நவம்பரில் பெர்லின் கழகத்தில் வாசிக்கச் செய்தார். கேத்தரின், வால்டேரின் நூலகத்தைத் துனீ சீமாட்டியிடமிருந்து வாங்கினார். ஏறத்தாழ 7,000 நூல்கள் 1779இல் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தன, அவற்றை அடுக்கிக் கொடுக்க வால்டேரின் செயலாளர் வான்யேரும் உடன் போனார். பெர்னே மாளிகையைப் போலவே ஒன்றை ரஷ்யாவில் கட்டவும் திட்டமிட்டார். மாதிரி மட்டும்தான் உருவானது. ஆனால் தம் கடிதங்கள் அச்சேறுவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. உயிரோடு இருந்தபோது ஊரெல்லாம் காட்டட்டும் என்று எழுதப்பட்டவை, நண்பர் இறந்தபின் அச்சில் வரும்போது ஏன் கூச்சம் தர வேண்டும் என்பது அந்த அமர்வுக்கான கேள்வியாக இருக்கலாம். நூல்கள் இன்றும் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யத் தேசிய நூலகத்தில், ஓரங்களில் வால்டேரின் கைக்குறிப்புகளோடு இருக்கின்றன.

இந்தத் தொடர் நன்றாக நடந்தால், பினாங்கு வட்டங்கள் அடுத்து எடுக்கக்கூடியது நம் தீவிலேயே எழுதப்பட்டது. சயாமில் அடிமை முறையை ஒழித்த சுலாலங்கோர்ன் மன்னரின் மாற்றாந்தாய் வழித் தம்பியும், அவருடைய உள்துறை அமைச்சராக நிருவாகத்தைச் சீரமைத்தவரும், வரலாற்றறிஞருமான இளவரசர் டாம்ரோங், 1932ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு 1933 முதல் 1942 வரை கெலாவாய் சாலையில் குடியிருந்தார். பேங்காக்கில் இருந்த இளவரசர் நாரிஸுக்கு அங்கிருந்து அவர் இடைவிடாமல் எழுதிய கடிதங்களும் பெற்ற பதில்களும் கலை, வரலாறு, சடங்கு, மொழி என்று எல்லாவற்றையும் தொட்டு, பின்னாளில் நூல் வடிவில் பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. இங்கே இருவருமே அறிஞர்கள். சீர்திருத்த மன்னர் காலமாகிவிட்டிருந்தார். அவரைப் பற்றிய நினைவுதான் இருவருக்கும் நடுவில் இருந்தது. சயாம் மொழி தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். புலாவ் திக்குஸ் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள்.